முடி கொட்டும்போது காசை எதில் போடுவது: எண்ணெயா, மாத்திரையா, ஊசியா, காத்திருப்பா?

முடி கொட்டுகிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மூணு நாலு மாசத்துக்கு முன்னால வீட்டுல என்ன நடந்துச்சு?" என்பதைத்தான். எண்ணெய் கேட்டு வந்தவரிடம் இவன் எதற்கு வீட்டுக் கதை விசாரிக்கிறான் என்று முகத்தில் தெரியும். கொஞ்சம் யோசித்த பிறகு பதில் வரும். டெங்குக் காய்ச்சல், பிரசவம், அப்பாவின் மரணம், மகளின் நீட் தேர்வு, துபாயில் கணவருக்கு வேலை போனது, இப்படி ஏதோ ஒன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் முடிக்காக நம் மாவட்டத்து ஆட்கள் எதில் எல்லாம் காசு போடுகிறார்கள், எது பலிக்கிறது, எது வீணாகிறது என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். மனசு நொந்து கிடக்கிற ஆளிடம் காசையும் பிடுங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

அந்த மூணு மாசக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருஷம் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சி அடங்கும், மூன்று மாதம் போல ஓய்வில் கிடக்கும், அப்புறம் உதிரும். சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு முடிதான் ஓய்வில் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லாருக்கும் உள்ளது. உடம்புக்கோ மனசுக்கோ பலமான அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடியில் பெரிய கூட்டம் ஒன்று ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஓய்வு முடியும் சமயத்தில் எல்லாம் சேர்ந்து விழும். 1961இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விவரித்து டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர் வைத்தார். நம் ஊரில் தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது: மழை பொய்த்த மாதத்தில் மரத்தில் காய் இருக்கும், காய்ப்பு குறைவது ரொம்ப நாள் கழித்துத்தான்.

மன அழுத்தம் முடியின் வேரை எப்படித் தொடுகிறது என்பதற்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. 2021இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் பார்த்தார்கள். அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன், முடிவேரின் அடியில் உள்ள செல்கள் காஸ்6 என்ற புரதத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. அந்தப் புரதம் வராவிட்டால் முடியை மறுபடி முளைக்க வைக்கும் ஸ்டெம் செல்கள் தூங்கிக்கொண்டே இருக்கின்றன. மனிதத் தலையிலும் அப்படியே நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்கிறவர்களுக்கு இது நல்ல பதில்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒரே அடியால் வந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும். விழுந்த இடத்தில் வேர் சாகவில்லை, புது முடி அதே வேரிலிருந்து வரும். ஆனால் நாம் மருந்து தேடிக் கிளம்புவது எப்போது? கொட்டத் தொடங்கி ஒன்றிரண்டு மாதம் பயந்து, சீப்பைப் பார்த்துப் பார்த்து அழுது, கடைசியில்தான். அதாவது தானாக நிற்கப் போகிற நேரத்துக்குக் கிட்டத்தில். அந்த நேரத்தில் எதைத் தேய்த்தாலும் அது பலித்த மாதிரித்தான் இருக்கும். எண்ணெய் தேய்த்தவர் எண்ணெயைப் புகழ்வார், மாத்திரை விழுங்கியவர் மாத்திரையை, ஊசி போட்டவர் ஊசியை. மூவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே ஒரு வழியை எடை போடும்போது "இதில் சரியானவர் உண்டா?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை, எல்லாவற்றிலும் உண்டு. "ஒன்றும் செய்யாமல் இருந்தால் கிடைக்கிறதைவிட இது என்ன கூடுதலாகத் தரும்?" என்று கேட்க வேண்டும். கீழே வருகிற எல்லாவற்றையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், விழுந்த ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் வெள்ளைத்தாளின் மேலோ கறுப்புத் துணியின் மேலோ வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக, குமிழ் மாதிரி இருந்தால் அது ஓய்வு முடிந்து முழுசாக விழுந்த முடி. அந்த வெள்ளையைப் பார்த்து "வேரே போச்சு" என்று பதறுகிறவர்கள் அதிகம். அது வேர் இல்லை, விழுந்த முடியின் அடிநுனி. வேர் தோலுக்குள்ளேயே இருக்கிறது. குமிழ் இல்லாமல் இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தால் முடி நடுவில் முறிந்திருக்கிறது. அது வேறு கதை: ஸ்ட்ரெய்ட்டனிங், ஈரத்தோடு சீவுவது, குளித்த கையோடு கொண்டை போடுவது. நம் பக்கத்தில் தினமும் தலைக்குக் குளிக்கிற வழக்கம் உண்டு, ஈரம் காயாமலே அள்ளி முடிந்துகொண்டு பஸ் பிடிக்க ஓடுவதும் உண்டு. முறிவுக்கு மருந்து தேவையில்லை, துவட்டுகிற விதத்தையும் கட்டுகிற விதத்தையும் மாற்றினால் போதும்.

குமிழோடு தலை முழுக்கப் பரவலாக விழுந்து, மூன்று மாதம் முன்னால் ஒரு அடியும் இருந்தால், நான் மேலே சொன்ன உதிர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். வகிடு மட்டும் வருஷாவருஷம் அகன்றுகொண்டே வந்தாலோ, ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் ஏறினாலோ அது பரம்பரை வழுக்கை. இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் பலரைக் குழப்புகிறது. மெதுவாக மெலிந்துகொண்டிருந்த தலையில் ஒரு பெரிய உதிர்வு வரும்போது, அதுவரை கண்ணில் படாத மெலிவு ஒரேயடியாக வெளியே தெரிந்துவிடும். டென்ஷன் போன பிறகும் முடி பழையபடி வரவில்லை என்கிற பலருக்கு உள்ளே இருப்பது இது.

காசு அளவுக்கு வட்டமாக, வழவழப்பாக ஒரு இடம் மட்டும் போயிருந்தால் அது புழுவெட்டு. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். தலையில் சீழ், செதில், வலி, பளபளப்பான தழும்பு, அல்லது புருவமும் சேர்ந்து போவது, இதில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். தழும்பாக ஆறுகிற வகையில் வேர் உண்மையாகவே அழியும். அங்கே காத்திருப்பது நஷ்டம்.

காத்திருப்பதும் பரிசோதனையும்

பரவலான உதிர்வுக்கு என் முதல் சிபாரிசு இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். கடைக்காரன் ஒரு பாட்டிலும் விற்காமல் அனுப்புகிறானே என்று ஏமாற்றமாகப் போகிறவர்களும் உண்டு.

காத்திருப்பது என்றால் கைகட்டி உட்காருவது ஆகாது. கொட்டுகிறதே என்று தலைக்குக் குளிப்பதை நிறுத்துகிறார்கள், அது வேண்டாம். ஓய்வு முடிந்த முடி இன்று குளியலில் விழாவிட்டால் நாளை தலையணையில் விழும். அழுக்கும் பொடுகும் சேர்ந்ததுதான் மிச்சம். வாரம் இரண்டு தடவை குளிக்கிறவருக்கு அந்த நாளில் கை நிறைய வருவதும் இயல்பு, நாலு நாள் முடி ஒரே நாளில் வருகிறது. மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வகிட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் எண்ணுவதால் கவலைதான் வளரும். நெற்றி ஓரத்தில் எண்ணெய்க்கு அடங்காமல் குத்திட்டு நிற்கிற குட்டை முடிகள் கண்ணில் பட்டால் திரும்பி வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். அதனால் உதிர்வு நின்ற பிறகும் பின்னல் பழைய தடிமனுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகலாம். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் இடையில் யாரிடமும் போய் ஏமாற மாட்டீர்கள்.

இனி பரிசோதனை. ஒரு அடி பட்டு விழுகிற முடியை மறுபடி வளரவிடாமல் இழுத்துப் பிடிப்பவை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று சொல்கிறது. அப்படியிருக்க, முடி கொட்டுகிற ஒரு பெண் ஆயிரக்கணக்கில் எண்ணெய்க்குச் செலவழித்துவிட்டு ஒரு தடவைகூட ஹீமோகுளோபின் பார்க்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின், தைராய்டைக் காட்டுகிற டிஎஸ்ஹெச், இந்த மூன்றும் முக்கியம். ஃபெரிட்டின் என்பது உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பு. கையில் ஓடுகிற பணம் குறையும் முன்னால் சேமிப்புதான் கரையும் என்பதால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடியில் கிடக்கிறவர்கள் உண்டு. இன்னொன்று: காய்ச்சலோ வீக்கமோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். காய்ச்சல் விட்ட கையோடு எடுத்த ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், காய்ச்சல் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குறைவு என்று வந்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். டீயோடு இரும்பு மாத்திரை போட்டால் டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். டீக்கும் மாத்திரைக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். எலுமிச்சம்பழச் சாறு நல்ல துணை. கால்சியம் மாத்திரையையும் இரும்பையும் ஒரே வேளையில் போடாதீர்கள், ஒன்றைக் காலையிலும் ஒன்றை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுத்துப் போவது மாத்திரையின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் ஒன்று விட்டு ஒரு நாள் போடச் சொல்வார், அல்லது வேறு வகை இரும்பு மாத்திரை எழுதித் தருவார். ரத்தம் ஏறியதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, சேமிப்பு நிறைய மேலும் சில மாதம் பிடிக்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. துக்கத்திலோ பரீட்சை நேரத்திலோ சமைக்க மனசில்லாமல் மரச்சீனிக்கிழங்கும் பால் விடாத கட்டஞ்சாயாவுமாக நாள் ஓட்டுகிற வீடுகள் நம்மிடம் உண்டு. கிழங்கில் மாவுச்சத்து தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. நம் முன்னோர் அதை மீன்குழம்போடு சேர்த்தது நல்ல யோசனை. சாளை, நெத்தோலி, அயிலை, இவை புரதமும் இரும்பும் கொண்ட மலிவான மீன்கள். மீன் சாப்பிடாதவர்களுக்குப் புட்டோடு சிறுபயறு, காணத் துவையல், முட்டை, முருங்கைக்கீரை. எடையைக் குறைக்கிறேன் என்று திடீர் பட்டினி கிடப்பதே முடி உதிர்வுக்கு ஒரு காரணம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்

"எண்ணெ தேய்க்காம விட்டா முடி எப்பிடி மக்ளே நிக்கும்?" என்று கேட்காத பாட்டி நம் மாவட்டத்தில் இல்லை. தேங்காயெண்ணெயைப் பற்றி அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. குளிப்பதற்கு முன்னால் தேய்க்கிற தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கிறது என்பது 2003இல் வெளியான ஆய்வொன்றில் தெரிய வந்தது. மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த ஆய்வில் இதற்கு ஈடாகவில்லை. ஆகவே முறிகிற முடிக்குத் தேங்காயெண்ணெய் உதவும். வேரில் ஓய்வுக்குப் போன முடியை எழுப்பிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சினாலும், நீலிபிருங்காதி எண்ணெய் வாங்கினாலும், செம்பருத்தி இலை அரைத்த தாளி தேய்த்தாலும் இதே நிலைதான்.

ஆனாலும் எண்ணெயை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். மனசு உடைந்து கிடக்கிற ஒரு பெண்ணைத் திண்ணைப்படியில் உட்கார வைத்து அம்மாவோ மாமியோ தலையில் எண்ணெய் வைத்து விடுகிற அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக என் கடையில் மருந்து இல்லை. அதற்கு வீட்டில் ஆட்டிய தேங்காயெண்ணெய் போதும், பெயர் தெரியாத நூறு மூலிகை பாட்டில் வேண்டாம். என்னென்ன சேர்த்தது, யார் தயாரித்தது, உரிம எண் என்ன என்று ஒன்றும் எழுதாத எண்ணெயை விலை கொடுத்து வாங்காதீர்கள். பொடுகு அப்பிக் கிடக்கிற தலையில் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பொடுகு கூடும், முதலில் பொடுகைச் சரிசெய்யுங்கள்.

ஆயுர்வேத வைத்திய முறையில் நம்பிக்கை உள்ளவர்கள் கடையில் தேடுவதைவிட, கோட்டாறில் உள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். படித்த வைத்தியர் தூக்கம், மலச்சிக்கல், பசி எல்லாம் கேட்டுத்தான் மருந்து கொடுப்பார். அங்கேயும் உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

பயோட்டினும் முடிக்கான மிட்டாய்களும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பயோட்டின் குறைபாடு மிக அரிது. உடம்புக்குத் தினமும் தேவைப்படுவது மைக்ரோகிராம் கணக்கில், மாத்திரையில் இருப்பது பல நேரம் 10 மில்லிகிராம், அதாவது பல நூறு மடங்கு. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கெடுதல் ஒன்று மட்டும் நிச்சயம்: பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே தைராய்டு பரிசோதனை செய்தால் முடிவு தவறாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கிற டிரோபோனின் பரிசோதனையையும் அது ஏமாற்றும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும். எல்லாம் கலந்த மாத்திரைகளை இரண்டு மூன்று சேர்த்து விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மினாக்சிடில்

முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து இது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலையில் தேய்க்கிற திரவமாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. பரம்பரை மெலிவுக்கு உண்மையாக வேலை செய்கிற சில மருந்துகளில் ஒன்று. மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகும். கீழே வருகிற ஊசிகளோடு ஒப்பிட்டால் இதுவே மலிவும் நம்பகமும்.

ஆனால் ஒரு காய்ச்சலாலோ துக்கத்தாலோ மட்டும் வந்த உதிர்வுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. இதைத் தொடங்கினால் இரண்டு மூன்று விஷயங்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். முதல் சில வாரங்களில் உதிர்வு கூடலாம், பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிது வருவதால். ஏற்கெனவே பயந்து போயிருக்கிறவர் அங்கேயே பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடுவார். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும். பரம்பரை மெலிவு உள்ளவர் நிறுத்தினால், வந்த முடி சில மாதங்களில் போய்விடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிறவர்களும் தொடக் கூடாது. நெற்றியில் வழிந்தால் முகத்தில் ரோமம் முளைக்கலாம். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், பூனைக்கு இது கொடிய விஷம், தேய்த்த தலையணையைக்கூட நக்க விடாதீர்கள்.

அதனால் என் எண்ணம் இது. ஆறு மாதம் கழிந்தும் வகிடு அகலமாகவே இருந்தால், அல்லது வீட்டில் அப்பா, அம்மா, மாமன் வழியில் வழுக்கை இருந்து உங்களுக்கும் அந்த அமைப்பிலேயே மெலிந்தால், தோல் மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொண்டு இதைத் தொடங்குங்கள். அந்த நிலையில் எண்ணெயை நம்பித் தள்ளிப்போடுவதுதான் நஷ்டம், ஏனென்றால் பரம்பரை மெலிவில் இருக்கிற முடியைக் காப்பாற்றுவது எளிது, போனதைக் கொண்டுவருவது கஷ்டம்.

பிஆர்பி ஊசியும் கிளினிக் பேக்கேஜும்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இப்போது முடி கிளினிக் விளம்பரம் கண்ணில் படாமல் பஸ்ஸில் போக முடியாது. பிஆர்பி என்றால் உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. ஒரு தடவைக்குச் சில ஆயிரம் ரூபாய், மாத இடைவெளியில் மூன்று நாலு தடவை. பரம்பரை மெலிவில் சிலருக்குப் பயன் தருகிறது, ஆய்வு முடிவுகள் ஒரே சீராக இல்லை. அழுத்தத்தால் வந்த உதிர்வுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: கொட்டத் தொடங்கி இரண்டாவது மாதம் போய், நாலு மாதம் ஊசி போட்டால் ஆறாவது மாதம் வந்துவிடும். தானாக நிற்கிற அதே மாதம். காசும் போகும், கிளினிக்குக்கு நல்ல பெயரும் கிடைக்கும். உதிர்ந்துகொண்டிருக்கும்போதே முடி நடுகிற அறுவைசிகிச்சைக்கு யாராவது அழைத்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்கிற பேச்சு, ரத்தப் பரிசோதனை இல்லாமல் பேக்கேஜ் எழுதுவது, இந்த இரண்டும் என்னைப் பொறுத்தவரை போதுமான எச்சரிக்கை.

வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். "அங்கத்தெ தண்ணி சரியில்ல" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உப்புத்தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கி முறிய வைக்கலாம், வேரோடு கொட்ட வைக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. வீட்டைப் பிரிந்தது, ஷிப்டு மாறி மாறித் தூக்கம் கெட்டது, தனியாக அரைகுறையாகச் சமைத்துச் சாப்பிட்டது, இவற்றைத் தண்ணீருக்கு முன்னால் விசாரிக்க வேண்டும். லீவில் செய்ய உருப்படியான காரியம் ரத்தப் பரிசோதனையும் ஒரு தோல் மருத்துவரின் கருத்தும்.

மனசு

ஒரு தேதி சொல்ல முடிகிற அடிக்கு மேலே சொன்னது பொருந்தும். தேதியே இல்லாத அழுத்தம் வேறு. குடிக்கிற கணவர், கட்டி முடியாத வட்டி, கடலுக்குப் போனவர் திரும்புகிற வரை தூங்க முடியாத இரவுகள், மூன்றாவது தடவையாக எழுதுகிற போட்டித் தேர்வு. இங்கே காரணம் முடியவில்லை, அதனால் உதிர்வும் ஆறு மாதத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போகலாம். இவர்களிடம் "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்வது பிரயோஜனம் இல்லாத பேச்சு. தூக்கம் போய், அழுகை நிற்காமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால் அது சிகிச்சை தேவைப்படுகிற நிலை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. முடிக்காக இல்லாவிட்டாலும் அங்கே போகலாம்.

சில பிள்ளைகள் படிக்கும்போது தங்களை அறியாமல் முடியைச் சுருட்டிச் சுருட்டிப் பிடுங்குவார்கள். ஒரு பக்கம் மட்டும், நீளமும் குட்டையுமாக, ஒழுங்கில்லாத வழுக்கை தெரியும். அடித்தோ திட்டியோ நிறுத்த முடியாது. எண்ணெயாலும் முடியாது. மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போக வேண்டும்.

புழுவெட்டு

பெயரில்தான் புழு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் முடிவேரையே தாக்குவதால் வருகிறது. மன அழுத்தம் தூண்டிவிடலாம் என்று பலர் சொல்கிறார்கள், அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. தொற்றாது, அந்தப் பிள்ளையைப் பள்ளியில் தனியே உட்கார வைக்க வேண்டியதில்லை.

சின்ன வெங்காயம் தேய்ப்பது, ஆற்றுத்தும்மட்டிக்காய் தேய்ப்பது, பூண்டு அரைத்து வைப்பது என்று வீட்டு வைத்தியங்கள் ஏராளம். ஒன்றிரண்டு சின்ன வட்டங்கள் மட்டும் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு வருஷத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். முன்னால் சொன்ன அதே கணக்கு இங்கேயும். வெங்காயத்தால் பெரிய கெடுதல் இல்லை. பூண்டை அரைத்துக் கட்டி வைத்துத் தோல் பொத்துப்போய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலை வேண்டவே வேண்டாம். கடையில் நேராக வந்து வீரியமான ஸ்டீராய்டு களிம்பு கேட்பதும் வேண்டாம். தோல் மருத்துவர் வட்டத்துக்குள் சின்னச் சின்ன ஊசியாக ஸ்டீராய்டு போடுவார், நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை. ஓரிரு வட்டத்துக்கு அதுதான் நல்ல வழி. தலை முழுக்கப் பரவியவர்களுக்கு இப்போது பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன, 2022இல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி கிடைத்தது. விலையும் கண்காணிப்பும் அதிகம். பிள்ளைகளின் தலையில் செதிலோடு வட்டம் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், அதற்குக் களிம்பு போதாது, வாய்வழி மருந்து வேண்டும்.

உங்கள் நிலைக்கு எது

பிரசவம் ஆகி மூன்று நாலு மாதம், குளியலறை அடைபடுகிற அளவுக்குக் கொட்டுகிறது என்றால், செலவே இல்லாத வழிதான் சரியான வழி. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்பு மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே தருகிறார்கள். அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு முடிக்கு எண்ணெய் தேடுகிற வீடுகள் எத்தனையோ. தைராய்டும் ஒரு தடவை பாருங்கள், பிரசவத்துக்குப் பிறகு அது மாறுவது உண்டு.

இரண்டு மாதத்தில் கல்யாணம் என்று வருகிற பெண்ணுக்கு நான் ஒன்றும் விற்பதில்லை. இரண்டு மாதத்தில் இரண்டு சென்டிமீட்டர்தான் வளரும், எந்த மருந்தாலும் அதை மாற்ற முடியாது. நல்ல சவுரி வைத்துப் பின்னிக்கொள்வதும், தோவாளைப் பிச்சிப்பூவைப் பாரமாகத் தொங்கவிடாமல் லேசாக வைத்துக்கொள்வதும் போதும். இறுக்கி இழுத்துக் கட்டுவதே நெற்றி ஓரத்து முடியைக் கொண்டுபோய்விடும்.

புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் முடி கொட்டினால் அந்த மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர், வலிப்புக்கான வால்புரோயேட், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் ஆகியவை செய்யக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதியவரிடம் கேளுங்கள்.

மருத்துவரிடம் போவது என்று முடிவானால் ஆசாரிபள்ளத்தில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், அறுவைசிகிச்சை, துக்கம் எல்லாவற்றையும் மாதத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துப் போங்கள், கடையில் கேட்டு வாங்கிய பயோட்டின் உட்பட. மாதவிலக்கு எப்படி, வீட்டில் யாருக்காவது வழுக்கை உண்டா என்று கேட்பார்கள். முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல், பின்னலை லூசாகப் போட்டுக்கொண்டு போங்கள். எண்ணெய் அப்பிய தலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது.